கையை இழுத்த பிள்ளை: கொழும்புப் பாடசாலையொன்றில் நிகழ்ந்த உடல்தண்டனை பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பு வடக்கிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்றின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில், 2023ஆம் ஆண்டின் இரண்டாம் தவணையில், இப்படி ஒரு வாக்கியம் எழுதப்பட்டிருந்தது: "மாணவன் கையை இழுத்தமையால் விரலில் காயம் ஏற்பட்டது." அதற்குக் கீழே பிரதி அதிபரின் கையொப்பமும் திகதியும் இருந்தன. அந்தக் காயம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தின் விசாரணைக்கு முன்னதாகப் பாடசாலை மட்டத்தில் ஆராய்வதற்கென அமைக்கப்பட்ட மூவர் குழுவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற வகையில் நானும் ஒருவனாக இருந்தேன். சம்பந்தப்பட்டவர்களை எவரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியும் சிலவற்றை விடுத்தும் எழுதுகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

நிகழ்ந்தது

தரம் 8இல் 43 மாணவர்கள். கணித பாடவேளை. பயிற்சிக் கொப்பி கொண்டுவராத 7 பேர் கரும்பலகைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தப்பட்டு, ஆளுக்கு இரண்டு அடி என்று தீர்மானிக்கப்பட்டது. அப்பாடசாலையில் பிரம்பு இல்லை. பிரம்பை ஒழித்துப் பல வருடங்களாகிவிட்டன என்று அதிபர் எங்களிடம் சற்றுப் பெருமையுடனேயே கூறினார். ஆகவே ஆசிரியர் கரும்பலகையில் கோடு கீறுவதற்கு வைத்திருக்கும் மீற்றர்க்கோலை எடுத்தார். பிரம்பு வளையும், விளிம்பில்லாதது. மீற்றர்க்கோல் வளையாது, நான்கு விளிம்புகள் உடையது. தடைசெய்யப்பட்ட கருவியின் இடத்துக்கு அதைவிடக் கெட்ட கருவி வந்து சேர்ந்ததை அங்கே எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வரிசையில் ஐந்தாவதாக நின்ற மாணவன், எழுதும் கை நோகக்கூடாது என்பதற்காக வழமைபோல இடக்கையை நீட்டினான். முதலாவது அடி உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கோல் இறங்கும்போது கையை இழுத்தான். கோலின் விளிம்பு சிறுவிரலின் மூட்டில் பட்டது. ஆறாவது மாணவனும் ஏழாவது மாணவனும் அதன்பின் அடி வாங்கினார்கள். பாடம் தொடர்ந்தது.

அன்று யாரும் அவனை வைத்தியசாலைக்கு அனுப்பவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்த தைலம் தடவப்பட்டது. புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் வேலை செய்யும் தாய் இரவு எட்டு மணிக்குப் பின்னரே வீக்கத்தைக் கண்டார். மறுநாள் காலை அரச வைத்தியசாலையில் கதவில் நசுங்கியதாகப் பையன் கூறினான். தாயும் அதையே கூறினார். கதவில் நசுங்கிய விரலுக்கும் ஓங்கி அடிபட்ட விரலுக்கும் உள்ள வேறுபாடு வைத்தியர்களுக்குத் தெரியும். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டபோது பையன் உண்மையைச் சொன்னான். வைத்தியசாலைப் பொலிஸ் காவலிடத்துக்குத் தகவல் போனது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை நடந்தது. எலும்பில் வெடிப்பு இருந்தது. வளரும் பிள்ளைகளின் விரலெலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி உண்டு. அங்கு ஏற்படும் காயம் சரியாகப் பொருந்தாவிட்டால் விரல் கோணலாக வளரக்கூடும் என்பதால், பல வாரங்கள் கிளினிக்கிற்கு வரும்படி அவர்களிடம் கூறப்பட்டது.

ஆக, முறைப்பாடு செய்தது தாயுமல்ல, பாடசாலையுமல்ல. வைத்தியசாலையில் ஒருவர் தமது வேலையைச் சரியாகச் செய்ததனாலேயே இந்த நிகழ்வு வெளியில் வந்தது.

மூன்று வாக்குமூலங்கள்

ஆசிரியரை முதலில் அழைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 22 வருடங்களாகக் கொழும்பில் கற்பிப்பவர். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்களுக்குப் பாடசாலை முடிந்த பின்னர் ஒரு சதமும் வாங்காமல் மேலதிக வகுப்பு நடத்துபவர் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அடிக்கும் ஆசிரியர் என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவத்துக்கு அவர் பொருந்தவில்லை. அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "நான் ரெண்டு அடிக்குத்தான் ஓங்கினனான். எல்லாருக்கும் ஒரே அளவுதான். அவன் கையை இழுக்காட்டி ஒண்டும் நடந்திருக்காது."

தாய் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். ஆசிரியரின் வேலை போய்விடுமோ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "நானேதான் சேர்கிட்ட சொன்னேன், கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சாலும் பரவால்ல, புள்ள படிச்சா போதும்னு. இப்ப நான் எப்படி அவர் மேல கம்ப்ளெய்ன் குடுக்குறது?"

மூன்றாவதாக மாணவனை அழைத்தோம். அவனை முதலில் அழைத்திருக்க வேண்டும். அந்தத் தவறு எங்களுடையது. கட்டுப்போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "நான் கையை இழுத்துட்டேன் சேர். பிழை என்னோடதுதான்."

மூவரில் எவரும் ஆசிரியர் மீது குற்றம் சுமத்தாததால் எங்கள் குழுவின் பணி அத்துடன் முடிந்துவிட்டதாகவே மற்ற இருவரும் கருதினர். சாட்சியங்களுக்கிடையே முரண்பாடில்லை. எனக்கோ, அவை முரண்படாமல் இருந்ததுதான் உறுத்தலாக இருந்தது.

இழுத்த கை

சூடான சட்டியில் பட்ட கை, சுட்டது என்று மூளை அறியும் முன்பே முண்ணாணின் வழியாகப் பின்வாங்குவதைத் தெறிவினை என்று நாமே சாதாரண தர விஞ்ஞான பாடத்தில் கற்பிக்கிறோம். முதலாவது அடியின் நோவைத் தெரிந்துகொண்ட கை இரண்டாவது அடிக்கு முன்னரே விலகுவது அதற்கடுத்த படி. பிள்ளை உணர்ந்து செய்யும் காரியமென்று அதைக் கூற முடியாது. எனினும் கையில் அடிக்கும் வழக்கம் முழுவதும், அடிபடுபவர் தம் கையைத் தாமே நீட்டி, அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பார் என்ற எதிர்பார்ப்பின் மீதுதான் நிற்கிறது. கையை இழுத்தால் மேலும் ஓர் அடி என்பது எங்கள் காலத்திலும் விதி. அந்த விதி எதற்கு இருந்தது என்று யோசித்தால், இழுப்பது இயல்பு என்று ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது புலப்படும்.

"அளவோடு அடிக்கலாம்" என்போர் கவனிக்க வேண்டிய இடம் இதுவென்று நினைக்கிறேன். அளவு அடிப்பவரின் கையில் இருப்பதாகவே நாம் எப்போதும் பேசிவந்திருக்கிறோம்: எத்தனை அடி, எந்தக் கோல், எவ்வளவு ஓங்கல், கோபத்திலா நிதானத்திலா. ஆனால் அடி விழும் கணத்தில் இரண்டு உடல்கள் இருக்கின்றன. ஒன்று இறங்குகிறது, மற்றது விலகுகிறது. கோல் எங்கே படும் என்பதை இரண்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்த ஆசிரியர் ஓங்கியது அளவான அடிதான் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். அவன் மீது விழுந்தது வேறோர் அடி.

நானும் அடித்திருக்கிறேன். உடல்தண்டனை கூடாதென்று அமைச்சின் சுற்றுநிருபம் வந்த 2005ஆம் ஆண்டுக்கு முன்பும், வெட்கத்துடன் சொல்வதானால், அதற்குப் பின்னர் சில காலமும். வெள்ளவத்தையில் திருமண மண்டபங்களில் என் பழைய மாணவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர் அண்டைக்கு அடிக்காட்டி நான் இண்டைக்கு டொக்டராகியிருக்க மாட்டன்" என்பார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்தவன்தான் நான். தரம் 9உடன் பாடசாலையை விட்டு நின்ற இன்னொருவர் காலி வீதி பஸ் ஒன்றில் நடத்துநராக இருக்கிறார். என்னைக் கண்டால் காசு வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அது மரியாதையா வேறெதுவுமா என்று நான் கேட்டதில்லை. திருமண மண்டபத்துக்கு அவரை யாரும் அழைப்பதுமில்லை.

சட்டம் நின்ற இடம்

இந்த நிகழ்வின்போது நாட்டின் சட்டம் எங்கே நின்றது என்பதை ஆசிரிய அறையில் சரியாக அறிந்திருந்தவர் ஒருவரும் இல்லை. அதற்கு அவர்களைக் குறைகூறவும் முடியாது. சட்டம் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நின்றது.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 341ஆம் பிரிவு குற்றமுறையான பலாத்காரத்தை, அதாவது இன்னொருவர் மீது சட்டவிரோதமாக உடல்வலிமையைப் பிரயோகிப்பதை, வரையறுக்கிறது. அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, ஆசிரியர் தமது நியாயமான தற்றுணிபின்படி, அதாவது தாமே எடுக்கும் தீர்மானத்தின்படி, மாணவனை அடித்தால் அது குற்றமாகாது என்கிறது. 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் 71ஆம் பிரிவு பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிவிட்டு, பெற்றோரும் ஆசிரியரும் தண்டிப்பதற்குள்ள உரிமையை அது பாதிக்காது என்று அதே பிரிவிலேயே விலக்களிக்கிறது. மறுபக்கத்தில், 1991இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. 1995இன் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, தமது பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்கு 2 முதல் 10 வருடங்கள் வரை சிறை என்று விதிக்கப்பட்டது. கல்வி அமைச்சு 2005இல் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலமும், அதன் இடத்தில் 2016இல் வெளியிட்ட 12ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலமும் பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாதென்று அறிவுறுத்தியது. நீதிமன்றம் குற்றவாளிக்குக் கசையடி விதிக்கும் அதிகாரமும் அதே 2005இல்தான், 23ஆம் இலக்கச் சட்டத்தினால் நீக்கப்பட்டது. அதாவது திருடனைச் சட்டப்படி அடிக்க முடியாமற்போன நாட்டில், கொப்பி கொண்டுவராதவனை அடிப்பதற்கு மட்டும் 1883இன் எடுத்துக்காட்டு எஞ்சியிருந்தது.

இந்த முரணை, நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான, புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம் கவனிக்காமலில்லை. பண்டார எதிர் விக்கிரமசிங்க வழக்கின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, மாணவனைப் பாடசாலையில் தாக்கியமை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுவதாகக் கூறப்பட்டது. சித்திரவதைக்கோ கொடூரமான, மனிதாபிமானமற்ற அல்லது இழிவான நடத்துகைக்கோ எவரும் உட்படுத்தப்படலாகாது என்பதே அவ்வுறுப்புரை. நமது நிகழ்வுக்கு மிக நெருக்கமானது 2021 பெப்ரவரி 12ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பாகும். தென் மாகாணத்துப் பாடசாலையொன்றில் 2017இல் ஆசிரியர் காதில் அறைந்ததனால் தரம் 9 மாணவன் ஒருவனின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பு 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகக் கண்டு, ஆசிரியர் தமது சொந்தப் பணத்திலிருந்து 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. அரசின் தொகை ஆசிரியரின் தொகையைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்பதை, ஆசிரியர்களைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள் என்று குமுறும் என் நண்பர்களுக்கு நான் பலமுறை சுட்டிக்காட்டியதுண்டு.

அங்கும் அறைந்தவர் காதைச் செவிடாக்க நினைத்து அறைந்திருக்க மாட்டார். நோக்கமும் விளைவும் அங்கும் வெவ்வேறாகவே இருந்தன.

விசாரணையின் போக்கு

பொலிஸார் வாக்குமூலங்களைப் பதிந்தனர். மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க விருப்பமில்லை என்று தாய் எழுதிக்கொடுத்தார். 308அ பிரிவின் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு வருடச் சிறை என்று தெரிந்ததும் எல்லோரும் பின்வாங்கினார்கள்: அதிபர், தாய், அயலவர், ஏன் எங்கள் குழுவும்தான். ஒரு விரலுக்கு இரண்டு வருடமா என்ற கேள்வியில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இந்தச் சட்டத்தின் கையில் இருப்பவை இரண்டே. ஒன்று எதுவுமே இல்லை, மற்றது சிறை. ஆகவே எல்லோரும் எதுவுமில்லாததையே தெரிந்தெடுக்கிறார்கள்.

உயர் நீதிமன்றத்துக்கான அடிப்படை உரிமை மனுவை, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அவர்களின் விசாரணைக் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதைத் தாய்க்கு எவரும் கூறவில்லை. எங்கள் மூவர் குழு ஏழு வாரங்கள் எடுத்துக்கொண்டது. வேண்டுமென்றே தாமதித்தோம் என்று கூற மாட்டேன்; தவணைப் பரீட்சையும் விளையாட்டுப் போட்டியும் இடையில் வந்தன. ஆனால் முடிவு ஒன்றுதான். நாங்கள் அறிக்கையில் கையொப்பமிட்ட நாளில் அவருக்கிருந்த மிகப் பெரிய வாசல் மூடப்பட்டு மூன்று வாரங்களாகியிருந்தன.

தாயின் சம்மதத்தைப் பற்றி எங்கள் குழுவில் நீண்ட வாதம் நடந்தது. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியும் வந்தது, "பெத்தவளே சொல்லிவிட்டாள்" என்ற வாதமும் வந்தது. பெற்றோர் தம் பிள்ளையின் உடலை அடிப்பதற்கு இன்னொருவருக்கு அனுமதி வழங்க முடியுமா என்பதே கேள்வி. 11ஆம் உறுப்புரையின் உரிமை பிள்ளையினுடையது. தாய் அதை விட்டுக்கொடுக்க முடியாது என்றே நான் வாதிட்டேன். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் மறந்துவிடலாகாது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வரும் தாய், மகனைக் கவனிக்க ஒருவரையாவது தேடுகிறார். "அடிச்சுப் படிக்க வைங்க" என்பது "இவனைக் கைவிட்டுவிடாதீர்கள்" என்பதற்கு அவரிடம் இருந்த சொல். கொப்பி இல்லாததன் காரணம் பின்னர் தெரிந்தது. பக்கங்கள் முடிந்திருந்தன, புதிய கொப்பி வாங்கித் தரும்படி அந்த மாதக் கடைசியில் அம்மாவிடம் கேட்க அவன் விரும்பவில்லை. மூன்று முறை கொப்பி கொண்டுவராதவனிடம் ஏன் என்று எவரும் கேட்கவில்லை. 40 நிமிடப் பாடவேளையில் 43 பேரிடம் எதைக் கேட்பது என்கிறார் ஆசிரியர். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆலோசனை வழங்கும் ஆசிரியை அங்கே ஒருவர் இருந்தார், அவருக்கும் நேரசூசி நிரம்பப் பாடங்கள்.

பிரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காததுதான் குறை என்று ஆசிரியர்கள் கூறும்போது அவர்கள் பக்கம் நிற்கிறேன். அந்தக் குறை தீரும்வரை அடிக்கலாம் என்று அவர்கள் தொடரும்போது என்னால் கூடப் போக முடிவதில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 2017இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய தவணைக்குள் ஒரு முறையேனும் உடல்தண்டனைக்கு உள்ளானதாகக் கூறிய மாணவர்கள் 80.4 வீதத்தினர், அதற்குள் 2005இன் சுற்றுநிருபம் வெளியாகி 12 வருடங்களாகிவிட்டன. அடி உண்மையில் நின்றுபோயிருந்து, அதனால் ஒழுங்கு கெட்டிருந்தால் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். அடி நிற்கவேயில்லை.

வெள்ளவத்தைப் பெற்றோர் சிலர் சிங்கப்பூரை உதாரணம் காட்டுவர். அங்கு பாடசாலையில் பிரம்படி உண்டுதான். ஆண் மாணவருக்கு மட்டும், அதிபரோ அவர் வெளிப்படையாக அதிகாரமளித்தவரோ மாத்திரம் கொடுக்கலாம். மீற்றர்க்கோலை எடுத்த ஆசிரியருக்கு அங்கேயும் இடமில்லை. அயலில் நேபாளம் 2018இல் வீடு உட்பட எல்லா இடங்களிலும் தடைசெய்தது. இந்தியா 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தில் பாடசாலைகளில் தடைசெய்தது. இலங்கையில் 2024இல் அமைச்சரவை சட்டத்திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025இல் சட்டமூலம் வெளியானபோது ஆசிரியர்களைக் குற்றவாளிகளாக்குகிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. கொழும்பில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சர்வதேச பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை, தனியார் வகுப்புகளோ எந்தச் சுற்றுநிருபத்துக்குள்ளும் வராதவை. காலையில் அடிக்கக்கூடாத பிள்ளையைப் பின்னேரம் அடிக்கும் ரியூஷன் மாஸ்டர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம்தான் வரிசையில் நின்று இடம் பிடிக்கிறோம். அமைச்சின் கடிதத்தால் எட்ட முடியாத இந்த இடங்களுக்காகவேனும் பாராளுமன்றத்தின் சட்டம் வேண்டும்.

அறிக்கையும் பதிவும்

எங்கள் அறிக்கை நான்கு பக்கங்கள். ஆசிரியரை எச்சரிக்கவும், தாயின் போக்குவரத்து, வைத்தியச் செலவுகளைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்கவும், கொப்பி இல்லாதவர்களுக்கென அலுவலக அலுமாரியில் ஒரு கட்டுக் கொப்பி வைக்கவும் பரிந்துரைத்தோம். கடைசிப் பரிந்துரைதான் அடுத்த நாளே நிறைவேறியது. ஆசிரியர் பின்னர் மீற்றர்க்கோலைக் கரும்பலகைக்கு மட்டுமே பயன்படுத்தினார். ஆனால் நீண்ட காலம் அந்த மாணவனிடம் அவர் கேள்வி கேட்கவுமில்லை, கொப்பியை வாங்கிப் பார்க்கவுமில்லை. அடியைவிட அது தனக்குக் கஷ்டமாக இருந்ததென்று அவன் ஆலோசனை ஆசிரியையிடம் கூறியிருக்கிறான்.

சம்பவத் திரட்டிலிருந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டுமென்று நான் தனியாகக் கேட்டேன். அது பொய்யல்லவே என்றார் அதிபர். பொய்யல்ல, ஆனால் அந்த வாக்கியத்தில் ஆசிரியரும் இல்லை, கோலும் இல்லை, அடியும் இல்லை. ஒரு பிள்ளையும் அவன் இழுத்த கையும் மட்டுமே இருக்கின்றன என்றேன். சம்பவத் திரட்டில் எழுதியதை வெட்டவோ அழிக்கவோ கூடாதென்பது விதி. அவர் சொன்னது சரி. இரண்டு நாள் யோசித்தபின், கீழே புதிய திகதியிட்டு அவரே தம் கையால் எழுதினார்: "மேற்படி தினம் கணித ஆசிரியர் மீற்றர்க்கோலால் அடித்தமையால் மாணவனின் இடக்கைச் சிறுவிரல் எலும்பு முறிந்தது." பிரதி அதிபர் அதில் கையொப்பமிட மறுத்தார். அதிபரின் கையொப்பம் மட்டும் இருக்கிறது.